யாழ்ப்பாணத்துப் பழைய கார்கள்: வாங்கலும் விற்றலும் ஓட்டலும்

1950களில் கொழும்புத் துறைமுகத்தில் வந்திறங்கிய பிரித்தானியக் கார்கள் பல, ஐம்பது ஆண்டுகள் கடந்த பின்னரும் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வீதிகளில் ஓடிக்கொண்டிருந்தன. மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிறிஜ், மொறிஸ் ஒக்ஸ்போட் என்பன அவற்றுள் பெயர்பெற்றவை. அவை பிறந்த நாட்டில் அந்த வயதுக் கார்கள் அரும்பொருட்காட்சியகத்துக்கோ, ஞாயிற்றுக்கிழமை ஊர்வலத்துக்கோ போய்விட்டன. யாழ்ப்பாணத்தில் அவை நோயாளியை ஆஸ்பத்திரிக்கு ஏற்றின, மணமக்களைக் கோயிலுக்கு ஏற்றின, வெங்காய மூட்டையையும் ஏற்றின. இவை எப்படி இவ்வளவு காலம் நிலைத்தன, யார் வாங்கினர், யார் விற்றனர், எதை ஊற்றி ஓட்டினர் என்பதை இக்கட்டுரை கூறுகிறது. இது ஒருவகையில் இலங்கையின் அந்நியச் செலாவணியின் கதை. இன்னொருவகையில் போரின் கதை.

வந்த வழி

இலங்கையில் மோட்டார் கார் 20ஆம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகளிலேயே அறிமுகமாகிவிட்டது. கார் வைத்திருப்போர் சங்கம் கொழும்பில் 1904இல் தொடங்கப்பட்டது. எனினும் நடுத்தர வகுப்பினர் கைக்குக் கார் எட்டியது இரண்டாம் உலகப்போருக்குப் பின்னரே. போரினால் கடனாளியான பிரித்தானியா, தான் செய்த கார்களை உள்நாட்டில் விற்பதைக் காட்டிலும் ஏற்றுமதி செய்து டொலர் தேட முனைந்தது. மறுபக்கம் கொரியப் போர்க் காலத்தில் இறப்பர் விலை ஏறியதால் இலங்கையிடம் வெளிநாட்டுப் பணம் கையிருப்பில் இருந்தது. இந்த இரண்டும் சந்தித்த ஆண்டுகளில்தான் ஏ40உம் மைனரும் வந்து குவிந்தன.

மொறிஸ் மைனர் 1948இல் இலண்டன் ஏர்ள்ஸ் கோட் கண்காட்சியில் வெளியிடப்பட்டது. அதை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பிற்காலத்தில் மினி காரையும் வடிவமைத்தவர் இவரே. மாதிரி வண்டி செய்து முடித்த பின் அது ஒடுங்கலாகத் தெரிகிறதென்று, நடுவே நெடுக்காக அறுத்து நான்கு அங்குலம் அகலமாக்கினார் என்பது மோட்டார் வரலாற்றில் பலர் அறிந்த செய்தி. ஏற்கெனவே செய்துவிட்ட பம்பரையும் நடுவில் வெட்டித் துண்டு வைத்துப் பொருத்தினார்கள். மிகப் பழைய மைனர் ஒன்றைக் காணும் மாணவர்கள் அந்த ஒட்டைத் தேடிப் பார்க்கலாம். 918 சீசீ எஞ்சினுடன் தொடங்கிய மைனர், 1952இல் 803 சீசீ எஞ்சினுக்கும், 1956இல் 948 சீசீக்கும், 1962இல் 1098 சீசீக்கும் மாறியது. உற்பத்தி 1970களின் தொடக்கத்தில் நின்றபோது மொத்தம் 16 இலட்சத்துக்கும் மேற்பட்டவை செய்யப்பட்டிருந்தன.

ஒஸ்ரின் ஏ40 என்பது ஒரே வண்டியன்று. 1947இல் வந்தது டெவன். 1952இல் வந்தது சோமசெற். இரண்டுக்கும் 1200 சீசீ எஞ்சின். இரண்டுக்கும் தனியான இரும்புச் சட்டகம், அதன் மேல் உடல். யாழ்ப்பாணத்தவர் வாயில் இது "ஏ போட்டி" ஆயிற்று. சோமசெற்றில் கியர் தடி ஸ்ரியறிங்கோடு சேர்ந்து மேலே இருந்ததால் முன்னாசனம் ஒரே வாங்குபோல் தடையின்றி இருந்தது. சாரதியின் பக்கத்தில் இரண்டு பேர் நெருங்கி இருக்கலாம். வாடகைக் கார்க்காரருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பின்னாசனத்தில் நால்வர், அவர்கள் மடியில் பிள்ளைகள் என்று ஒரு குடும்பமே கோயில் திருவிழாவுக்குப் போய் வந்தது. சட்டகம் தனியாக இருந்ததால் உடல் துருப்பிடித்தாலும் அடித்தளம் தாங்கியது. கடற்காற்று வீசும் குடாநாட்டில் இது சிறிய நன்மையன்று.

இலக்கத்தகட்டைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். அக்காலக் கார்களுக்கு "சிலோன்" என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளை இரண்டிரண்டாகக் கோத்து இலக்கம் கொடுத்தார்கள்: சீஎல், சீவை, ஈஎல், ஈஎன் என்பன போல. 1957இல் அந்த முறை மாறிச் சிங்கள "ஸ்ரீ" எழுத்துத் தகட்டில் ஏறியது. 1958 ஜனவரி 1ஆம் திகதி தனியார் பேரூந்துகள் தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவாயிற்று. அதன் புதிய பேரூந்துகள் அந்த எழுத்துடன் வடக்குக்கு வந்தபோது எதிர்ப்பு மூண்டது; சிங்கள எழுத்தை அழித்துத் தமிழில் "ஸ்ரீ" எழுதினார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் பண்டாரநாயக்கா–செல்வநாயகம் ஒப்பந்தம் கிழித்தெறியப்பட்டது. மே மாதத்தில் இனக்கலவரம் வெடித்தது. ஆகவே ஒரு பழைய காரின் இலக்கத்தகட்டைப் பார்த்த மாத்திரத்தில், அது அந்த ஆண்டுகளுக்கு முன்னே பதியப்பட்டதா பின்னே பதியப்பட்டதா என்று சொல்லிவிடலாம்.

இறக்குமதி நின்றபின்

1960களின் தொடக்கத்தில் நாட்டின் அந்நியச் செலாவணி வற்றியது. தேயிலை, இறப்பர் விலைகள் சரிந்தன. அரிசியும் மாவும் வாங்கப் பணம் வேண்டியிருந்தது. அரசாங்கம் முதலில் கைவைத்தவற்றில் ஒன்று கார் இறக்குமதி. அன்றுமுதல் 1977 வரை புதிய கார் வாங்குவது பெரும்பாலானோருக்கு நடவாத காரியம். 1970களில் உள்ளூரில் பாகங்களைப் பொருத்தி விற்ற கார்களும் எண்ணிக்கையில் சொற்பமே.

பொருளியல் படிக்கும் மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உலகெங்கும் கார் என்பது வாங்கிய நாளிலிருந்து விலை இறங்கும் பொருள். இலங்கையில் அந்தப் பதினைந்து, பதினாறு ஆண்டுகள் அது விலை ஏறும் பொருளாக இருந்தது. ஐந்து ஆண்டு ஓட்டிவிட்டு, வாங்கிய விலைக்கு மேலாகவே விற்க முடிந்தது. ஆகவே கார் நகைபோல, காணிபோல ஒரு சேமிப்பாயிற்று. சீதனப் பேச்சில் வீடு, வளவு, நகையோடு காரும் எண்ணப்பட்டது. மைனர் ஒன்றைக் கராச்சில் பூட்டி வைத்து, மாதத்துக்கு ஒருமுறை ஸ்ராட் செய்து பார்த்துவிட்டு மறுபடி துணியால் மூடிவிடுகிற வீடுகள் எங்கள் ஊரிலும் இருந்தன. அப்போது நாங்கள் சிறுவர்; அந்தப் புகையை மணப்பதற்காகவே மதிலில் ஏறி நிற்போம்.

1970களில் இன்னொரு மாற்றம் ஏற்பட்டது. மிளகாய், வெங்காய இறக்குமதி தடுக்கப்பட்டதால் யாழ்ப்பாணத் தோட்டக்காரர்களுக்கு நல்ல விலை கிடைத்தது. வலிகாமத்துச் செம்மண்ணில் காசு புழங்கியது. முன்பு டொக்டர், அப்புக்காத்து, அரச உத்தியோகத்தர், மலாயன் பென்சன்காரர் வீடுகளில் மட்டும் நின்ற கார்கள் தோட்டக்காரரின் தலைவாசலுக்கும் வந்தன. புதிதாக வாங்க வழியில்லை; ஆகவே உள்ள கார்களே கைமாறின. ஒரு டொக்டரின் கேம்பிறிஜ் தோட்டக்காரரிடம் போகும். அவரிடமிருந்து வாடகைக் கார்க்காரரிடம் போகும். ஒவ்வொரு கைமாற்றத்திலும் அதன் வேலை கடுமையாயிற்று, விலையோ குறையவில்லை.

கராச்சும் தரகும்

இந்த வணிகத்தை நடத்தியவர்கள் இரண்டு வகையினர். ஒருவர் தரகர். எந்த வீட்டில் எந்தக் கார் நிற்கிறது, எந்தப் பிள்ளை வெளிநாடு போகப் பணம் தேவைப்படுகிறது, யாருக்குப் பெண் பார்க்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். மற்றவர் கராச் வைத்திருந்த மெக்கானிக். கார்களின் உண்மையான சேகரிப்பாளர் இவர்தான் என்பது என் கருத்து. இவரிடம் ஒரே நேரத்தில் மூன்று நான்கு கார்கள் இருக்கும். ஒன்று ஓடும், அதை வாடகைக்கு விட்டிருப்பார். ஒன்று அரைகுறையாகத் திருத்த வேலையில் நிற்கும். மற்றொன்று மரத்தடியில் சக்கரமின்றிக் கல்லின் மேல் இருக்கும். மற்றவற்றுக்குக் கதவும் கியர்பெட்டியும் கொடுப்பது அதன் தொழில். ஓடுவதை நல்ல விலைக்கு விற்றதும், திருத்த வேலையில் நின்றது அதன் இடத்துக்கு வரும். ஆகவே அவரது கொட்டிலில் எந்த இரண்டு ஆண்டிலும் ஒரே கார்கள் நின்றதில்லை. ஆனாலும் கொட்டில் வெறுமையாகவும் இருந்ததில்லை.

பாகங்களுக்குக் கொழும்பில் பஞ்சிகாவத்தை. மருதானைக்கு அருகிலுள்ள அந்தத் தெருவில் உடைத்த வண்டிகளின் பாகங்கள் மலையாகக் குவிந்திருக்கும். இரவு மெயில் ரயிலில் போய், பகல் முழுவதும் தேடி, அடுத்த ரயிலில் ஒரு சாக்குப் பையோடு திரும்புவது மெக்கானிக்மாரின் வழக்கம். யாழ்ப்பாண நகரில் வன்பொருள், பழைய இரும்பு வணிகத்திலும் லொறிப் போக்குவரத்திலும் சோனகதெரு, ஒட்டுமடம் பகுதி முஸ்லிம் மக்கள் முன்னணியில் இருந்தனர். கிடைக்காத பாகம் அவர்களிடம் கிடைக்கும், அல்லது எங்கே கிடைக்கும் என்ற செய்தியாவது கிடைக்கும். 1990 ஒக்ரோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் அந்த மக்களை வடக்கிலிருந்து வெளியேற்றினர். அவர்கள் சொத்தையும் வீட்டையும் இழந்தார்கள். குடாநாடோ அவர்களோடு ஒரு தொழிலறிவையும் இழந்தது.

பாகம் கிடைக்காதபோது செய்தார்கள். எஞ்சின் சிலிண்டர் தேய்ந்தால் கடைந்து பெருப்பித்து, பெரிய பிஸ்டன் போடுவது முதல் வழி. அதற்கும் எல்லை உண்டு. சுவர் மெலிந்தால் உள்ளே ஸ்லீவ் இறக்கி மறுபடி பழைய அளவுக்குக் கொண்டுவருவார்கள். இறப்பர் புஷ்ஷை லொறி ரயரிலிருந்து வெட்டுவார்கள். மைனரின் முன்சக்கரத்தின் கீழ் மூட்டில் திருகுமரை உண்டு. அதற்குக் கிறீஸ் அடிக்கத் தவறினால் மரை தேய்ந்து ஒருநாள் சக்கரம் பக்கவாட்டில் சாய்ந்து விழும். நல்ல மெக்கானிக் காரை வாங்குமுன் எஞ்சினைக் கேட்பதில்லை. முதலில் குனிந்து அந்த மூட்டைத்தான் பார்ப்பார். அடுத்தது, கதவின் கீழுள்ள தகட்டைச் சாவியால் தட்டிப் பார்ப்பது. மைனருக்குத் தனிச் சட்டகம் இல்லை. தகடு உக்கினால் கார் நடுவே தளரும்.

1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. பாவித்த ஜப்பானியக் கார்களும் வான்களும் வந்தன. ஏ40களின் வாடகைத் தொழிலை மினிபஸ்கள் பங்குபோட்டன. தெற்கில் பலர் பழைய பிரித்தானியக் கார்களைக் கழித்துவிட, அவற்றில் சில வடக்குக்கு மலிவாக வந்து சேர்ந்தன. சிலர் மைனருக்குள் ஜப்பானிய எஞ்சினைப் பொருத்தினர். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஜப்பானின் நிசான் நிறுவனம் 1953 முதல் ஒஸ்ரினின் உரிமம் பெற்று இதே ஏ40ஐயும் பின் ஏ50ஐயும் செய்து பழகித்தான் வளர்ந்தது. குருவிடமிருந்து கற்ற வித்தையைச் சீடன் திருப்பிக் கொடுத்ததுபோல, அந்த நிறுவனத்தின் எஞ்சின்கள் பின்னாளில் பிரித்தானியக் கார்களின் நெஞ்சில் ஏறின.

மண்ணெண்ணெயில் ஓடிய காலம்

1990 மார்ச்சில் இந்திய அமைதிப்படை வெளியேறியது. ஜூனில் போர் மீண்டும் தொடங்கியது. யாழ்ப்பாணத்துக்கு ரயில் நின்றது. ஆனையிறவுப் பாதை மூடப்பட்டது. குடாநாடு புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. அரசாங்கம் பொருளாதாரத் தடை விதித்தது. பெற்றோல், டீசல், பற்றறி, ரயர், வாகன உதிரிப்பாகம், சீமெந்து, இரும்பு எனத் தடைப்பட்டவற்றின் பட்டியல் நீண்டது. மின்சாரமும் இல்லை. களவாகக் கடல்வழி வந்த பெற்றோல் போத்தல் கணக்கில், பொன்போல விற்கப்பட்டது. மண்ணெண்ணெய் பங்கீட்டுக்கும், அதற்கு மேல் வெளிச்சந்தையில் பன்மடங்கு விலைக்கும் கிடைத்தது.

இந்தக் காலத்தில் புதிய ஜப்பானியக் கார்கள் பல கொட்டிலில் படுத்துவிட, நாற்பது வயதுக் கார்கள் எழுந்து ஓடின. வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு இது அதிசயமாகத் தெரிந்தது. ஆனால் அதற்குக் காரணம் உண்டு.

பெற்றோல் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும். மண்ணெண்ணெய் ஆவியாக வெப்பம் வேண்டும். மேலும் அதற்குத் தட்டெதிர்ப்பு ஆற்றல் குறைவு. எஞ்சின் அதை இறுக்கி அமுக்கினால் தீப்பொறிக்கு முன்பே பற்றி, "டக், டக்" என்று அடிக்கும். பழைய பிரித்தானியக் கார்கள் போர்க்காலத்துத் தரங்குறைந்த பெற்றோலை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. அவற்றின் அமுக்க விகிதம் ஏறக்குறைய ஏழுக்கு ஒன்றுதான். மண்ணெண்ணெயை அவை பொறுத்துக்கொண்டன. இரண்டாவது காரணம், மைனரிலும் ஏ40இலும் காற்று உள்ளே போகும் குழாயும் புகை வெளியே வரும் குழாயும் எஞ்சினின் ஒரே பக்கத்தில், ஒன்றோடொன்று ஒட்டி இருந்தன. புகைக்குழாயின் சூடு உட்செல்லும் எரிபொருளைச் சூடாக்கியது. குளிர்நாட்டுக்காக வகுத்த ஏற்பாடு வெயில் நாட்டில், முற்றிலும் வேறொரு தேவைக்குக் கைகொடுத்தது.

மூன்றாவது காரணம்தான் என் பார்வையில் பெரியது: யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரருக்கு இந்த வித்தை ஏற்கெனவே தெரியும். கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் இயந்திரம் பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடுவது. 1950களிலிருந்தே துலா மிதிப்பு குறைந்து அந்த இயந்திரங்கள் தோட்டங்களில் பெருகிவிட்டன. சிறிது பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து, சூடேறியதும் குமிழைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது பத்து வயதுப் பிள்ளைக்கும் கைவந்த வேலை. அதே அறிவைக் காருக்குக் கொண்டுபோனார்கள், அவ்வளவுதான். இதைப் போர்க்காலத்துத் திடீர்க் கண்டுபிடிப்பாக எழுதுவோர் இந்தத் தொடர்ச்சியைத் தவறவிடுகிறார்கள்.

நடைமுறை இப்படி. காரின் தாங்கியில் மண்ணெண்ணெய். எஞ்சினுக்கு அருகே ஒரு சிறு போத்தலில் பெற்றோல். அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று காபரேற்றருக்கு. காலையில் போத்தல் குழாயைத் திறந்து, முன்பக்கத்துத் துளையில் கைப்பிடியைச் செருகிச் சுழற்ற வேண்டும். அக்காலக் கார்களுக்கு இந்தக் கைப்பிடி உடன் வந்தது பெரும் பேறு. நல்ல பற்றறி இல்லாத ஊரில் ஸ்ராட்டர் மோட்டாரைச் சுற்ற வலு கிடையாது. ஆனால் கைப்பிடியால் சுற்றினால், தீப்பொறிக்கு மாத்திரம் போதுமான சிறு மின்சாரம் இருந்தாலே எஞ்சின் பிடித்துவிடும். சில நிமிடம் ஓடிச் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். இடையில் நிறுத்தினால் மறுபடி பெற்றோல் துளி செலவாகும் என்பதால், வாடகைக் கார்க்காரர் ஆளை ஏற்றும்போதும் எஞ்சினை நிறுத்தமாட்டார். சிலர் எஞ்சினின் தலைப்பாகத்துக்குக் கீழ் தடித்த காஸ்கற் வைத்து அமுக்கத்தை இன்னும் குறைத்தனர். தீப்பொறி விழும் நேரத்தைச் சற்றுப் பிந்தச் செய்தனர்.

இதற்கு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. முழுதாக எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி வழிந்து எஞ்சின் ஒயிலில் கலக்கும். ஒயில் அளவு குறைவதற்குப் பதில் கூடும். கூடிய ஒயில் தண்ணீர்போல மெலிந்து, தேய்மானத்தைத் தடுக்காது. பிளக்கில் கரி படியும்; ஒவ்வொரு நாளும் கழற்றிச் சுரண்ட வேண்டும். வெண்புகை, கண் எரிச்சல். வெள்ளைச் சேலை உடுத்திக் காரில் ஏறினால் இறங்கும்போது மண்ணெண்ணெய் மணக்கும். எங்கள் பாடசாலை ஆசிரியை ஒருவர், அந்தக் காலத்தில் நடந்த தம் திருமணப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் மல்லிகை மணமல்ல, மண்ணெண்ணெய் மணமே நினைவுக்கு வருகிறதென்பார்.

காரைக் கல்யாணத்துக்குப் பிடிப்பது ஆடம்பரம்; ஆஸ்பத்திரிக்குப் பிடிப்பது அப்படியன்று. சனங்களின் அன்றாடப் போக்குவரத்துச் சைக்கிளாகிவிட்ட காலம் அது. ஆனால் பிரசவ வலிகண்ட பெண்ணையோ பாம்பு கடித்தவரையோ நெடுந்தூரம் சைக்கிளில் ஏற்ற முடியாது. இரவில், விளக்கை எரித்தால் வானூர்தி வரும் என்ற பயத்தோடு, நிலவு வெளிச்சத்தில் ஓட்டிப்போன ஏ40 ஒவ்வொரு ஊரிலும் ஒன்றாவது இருந்தது. அந்தச் சாரதிமார் பலர் இன்று இல்லை. அவர்களிடம் கேட்டெழுத வேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் பகுதி மக்கள் ஒரே இரவில் புறப்பட நேர்ந்தது. இலட்சக்கணக்கானோர் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நகர்ந்தனர். அந்த நெரிசலில் கார்கள் ஆளின் நடையைவிட மெதுவாகவே ஊர்ந்தன, பல நின்றுவிட்டன. எரிபொருள் இல்லாத கார்கள் கொட்டில்களிலேயே விடப்பட்டன. 1996 ஏப்ரல், மே மாதங்களுக்குப் பின் மக்கள் திரும்பி வந்தபோது சிலருக்குக் கார் நின்ற இடத்தில் நின்றது. சிலருக்கு வெறும் கோது மட்டும் கிடைத்தது. சிலருக்கு வீடே இல்லை.

பாதை திறந்தபின்

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்பாடு கையொப்பமாயிற்று. ஏப்ரலில் ஏ9 வீதி திறந்தது. தெற்கிலிருந்து உல்லாசப் பயணிகளும் வியாபாரிகளும் வந்தார்கள். அவர்களோடு பழைய கார் தேடுவோரும் வந்தார்கள். கொழும்பில் அப்போது பழைய கார்களுக்கு ஆர்வலர் சங்கங்களும் ஊர்வலங்களும் இருந்தன, பணமும் இருந்தது. யாழ்ப்பாணத்துக்காரரோ இருபது ஆண்டு கழித்துப் புதிய வாகனம் ஒன்றைத் தொட்டுப் பார்க்கும் ஆவலில் இருந்தார்கள். பேரம் எளிதில் படிந்தது. மைனர் ஒன்றை விற்று அந்தப் பணத்தோடு கடனும் எடுத்து முச்சக்கரவண்டியோ, சிறிய இந்தியக் காரோ வாங்கினார்கள். வாடகைக் கார்த் தரிப்பிடங்களில் ஏ40 நின்ற இடத்தைச் சில ஆண்டுகளில் முச்சக்கரவண்டிகள் பிடித்துக்கொண்டன. 2006 ஓகஸ்ட்டில் பாதை மறுபடி மூடியது. போர் முடிந்தபின் திறந்தபோது மிச்சமிருந்தவற்றில் பலவும் தெற்கு நோக்கிப் போயின.

விற்றவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. மண்ணெண்ணெய்ப் புகையில் பத்தாண்டு ஓட்டியவருக்கு அந்தக் கார் ஒரு நினைவுச்சின்னமன்று. கைப்பிடி திருப்பித் தோள்மூட்டு நொந்த ஞாபகம். ஆனால் வாங்கியவர்கள் கேட்ட ஒரு கேள்வி சிந்திக்க வைக்கிறது. "எல்லாம் ஒறிஜினலா?" என்று கேட்டார்கள். ஒறிஜினல் என்றால் தொழிற்சாலையிலிருந்து வந்தபடி என்று பொருள். யாழ்ப்பாணக் கார்களில் அப்படி எதுவும் இல்லை. கதவு ஒன்றிலிருந்து, எஞ்சின் இன்னொன்றிலிருந்து, புஷ் லொறி ரயரிலிருந்து. வாங்கியவர்கள் அவற்றையெல்லாம் கழற்றி எறிந்து, இங்கிலாந்திலிருந்து புதிய பாகம் தருவித்துப் பூட்டினார்கள். பெற்றோல் போத்தல் தொங்கிய கம்பியும் அப்படியே போயிற்று. இப்போது அந்தக் கார்கள் 1953ஆம் ஆண்டுபோல மின்னுகின்றன. 1953க்கும் 2003க்கும் இடையே அவை எங்கே இருந்தன என்பதற்கான அடையாளம் ஒன்றும் அவற்றில் இல்லை. ஒரு காராவது மண்ணெண்ணெயில் ஓடிய நிலையிலேயே ஓர் அரும்பொருட்காட்சியகத்தில் வைக்கப்பட வேண்டும் என்பது என் விருப்பம்.

பாகங்களின் பயணமும் ஒருவழிப்பட்டதன்று. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் ஒன்றை நடத்திய சாள்ஸ் வெயர், காரை எறியாமல் காலமெல்லாம் திருத்தி ஓட்டுவதே சிக்கனம் என்று வாதிட்டவர். மைனருக்கான தகடுகளையும் பாகங்களையும் இலங்கையில் செய்விக்க 1990களில் ஏற்பாடாயிற்று. கைவேலை தெரிந்த இலங்கைத் தொழிலாளர் அடித்த தகடுகள் இங்கிலாந்துக் கார்களில் பொருத்தப்பட்டன.

2020 மார்ச்சில் பெருந்தொற்றோடு அந்நியச் செலாவணி நெருக்கடியும் சேர, அரசாங்கம் வாகன இறக்குமதியை மீண்டும் நிறுத்தியது. 2025இல்தான் அது தளர்ந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் 1960களின் கதை அப்படியே திரும்பியது: பாவித்த வாகனங்கள் வாங்கிய விலைக்கு மேலாக விற்றன. 2022இல் எரிபொருளும் பங்கீடாயிற்று. தொடக்கத்தில் காருக்கு வாரம் 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர். தென்னிலங்கை முழுவதும் நாட்கணக்கில் வரிசையில் நின்று தவித்தபோது, யாழ்ப்பாணத்து முதியவர்கள் சைக்கிளைத் துடைத்து எடுத்தார்கள். ஆனால் இம்முறை பழைய வித்தை பலிக்கவில்லை. மண்ணெண்ணெயும் கிடைக்கவில்லை, கிடைத்தாலும் கணினி கட்டுப்படுத்தும் இன்றைய எஞ்சின் அதைக் குடிக்காது.

புத்தகத்தில் உள்ள பெயர்

எஞ்சியுள்ள கார்களுக்கு இன்றுள்ள பெரிய சிக்கல் துருவுமன்று, பாகமுமன்று, பத்திரம். காரின் பதிவுப் புத்தகத்தில் உரிமையாளர் பெயர்கள் வரிசையாக இருக்கும். அந்த வரிசையைப் படிப்பதே ஒரு சமூக வரலாறு: முதலில் தோட்டத்துரை அல்லது கொழும்பு நிறுவனம், அடுத்து யாழ்ப்பாணத்து டொக்டர், அடுத்து ஒரு தலைமையாசிரியர், அடுத்து தோட்டக்காரர். 1980களுடன் வரிசை பெரும்பாலும் நின்றுவிடும். கார் அதன் பிறகும் நாலைந்து கை மாறியிருக்கும். ஆனால் கந்தோரும் இல்லை, பாதையும் இல்லை. விற்றவர் உரிமை மாற்றப் படிவத்தில் வெறுமனே கையொப்பம் வைத்துக் கொடுத்துவிடுவார். வாங்கியவர் அதை மடித்து வைத்திருந்து, தாம் விற்கும்போது அடுத்தவரிடம் கொடுப்பார். "ஓப்பின் பேப்பர்" என்று இதற்குப் பெயர். இடப்பெயர்வில் பலருடைய அந்தத் தாள் தொலைந்தது. சிலருக்குப் புத்தகமே தொலைந்தது.

ஆகவே சட்டத்தின் கண்ணில் அந்தக் கார் இன்னும் 1982இல் வைத்திருந்தவருக்கே சொந்தம். அவர் இறந்திருக்கலாம், ரொறன்ரோவிலோ இலண்டனிலோ பேரப்பிள்ளைகளோடு இருக்கலாம். நாற்பது ஆண்டு ஓட்டித் திருத்திக் காத்தவரால் அதை விற்கவும் முடியாது, தம் பெயரில் வரிப்பத்திரம் எடுக்கவும் முடியாது. அண்மையில் எனக்குத் தெரிந்த ஒருவர், தம் தந்தை வாங்கிய சோமசெற்றுக்காக, புத்தகத்தில் கடைசியாக உள்ள பெயரைக் கொண்டு அவருடைய பழைய ஊருக்குப் போய், அயலவரிடம் விசாரித்து, வெளிநாட்டிலுள்ள மகளின் தொலைபேசி இலக்கத்தைக் கண்டுபிடித்தார். அந்தப் பெண் முதலில் கேட்டது கார் இன்னும் ஓடுகிறதா என்று. பின் கையொப்பமிட்ட கடிதத்தைத் தபாலில் அனுப்பினார். அதோடு, அதே காரின் முன்னால் தான் பாடசாலைச் சீருடையில் நிற்கும் படம் ஒன்றையும் வைத்திருந்தார்.